இண்டெக்ஸில் ஏறாத பத்திரம்

'திவ்யா டாட் ஆர் 3' என்று ஒரு மாணவி எங்கள் கல்லூரியில் கிடையவே கிடையாது. ஆனால் 2013 ஜூலை 6, சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, அப்படி ஒருத்தி இருப்பதாக என் சர்வர் சாதித்தது. பெயருக்குப் பின்னால் எண் எதுவும் இல்லாத நிஜ திவ்யா, இறுதியாண்டு, நூலக அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு எதிரே நின்றாள். அவளுக்குப் பின்னால் கதவு வரைக்கும் வரிசை.

"சார், நான் எடுத்த நாலு புக்கும் காட்டல. பாஸ்வேர்டும் தப்புங்குது."

நாலு புத்தகம் காணாமல் போனால் சில பேர் சந்தோஷப்படுவார்கள். இவள் ரொம்ப நேர்மையான பெண் போலிருக்கிறது.

தென்சென்னையில் இருக்கும் கல்லூரி. பெயர் வேண்டாம், தப்பு முழுக்க என்னுடையது. அப்போது நான் அங்கே சிஸ்டம் அட்மின். மாணவர், ஆசிரியர், ஊழியர், படித்து முடித்துப் போனவர் எல்லாரும் சேர்த்து 31,000 பேருடைய விவரம் ஒரே ஒரு டைரக்டரி சர்வரில். ஆப்பரேட்டிங் சிஸ்டம் டெபியன் 6, அதன்மேல் டைரக்டரியை நடத்தும் மென்பொருள் ஓப்பன்எல்டாப் 2.4. இமெயில், வைஃபை, நூலக வாசலில் பார்கோடு படிக்கும் பெட்டி, ஹாஸ்டல் மெஸ் எல்லாமே "இவர் யார்?" என்று கேட்பது அந்த ஒரு சர்வரிடம்தான்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் நம்ம ஊர் சங்கதி ஒன்று. டைரக்டரியிடம் கேள்வி கேட்கும் முறையான எல்டாப் 1993 வாக்கில் அமெரிக்காவில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிறந்த சமாச்சாரம். அதனால் ஒரு ஆளைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் 'சர்நேம்' கட்டாயம், காலியாக விட முடியாது. நமக்கு ஏது சர்நேம்? எனக்கு முன்னால் இருந்தவர் அந்த இடத்தில் இனிஷியலைப் போட்டுவிட்டார். சர்நேம்: எஸ். சர்நேம்: ஆர். அந்த ஃபீல்டுக்கு இண்டெக்ஸும், அதாவது சீக்கிரம் தேட உதவும் தனிப் பட்டியலும், போட்டு வைத்திருந்தார். எதற்கு என்று அவரைத்தான் கேட்க வேண்டும். 'எஸ்' என்று தேடினால் நாலாயிரம் பேர் வந்து நிற்பார்கள். இனிஷியல் வழக்கத்தால் லாகின் பெயர்களும் முட்டிக்கொள்ளும். கார்த்திக் டாட் எஸ் இருக்கிறான், அடுத்து வருகிறவன் கார்த்திக் டாட் எஸ் 1, அதற்கடுத்தவன் 2. அந்த வருஷம் கார்த்திக் டாட் எஸ் 14 வரை போயிருந்தோம். திவ்யா ஆர் மூன்று பேர்: வெறும் ஆர், ஆர் 1, ஆர் 2. பெயர் இந்த லட்சணத்தில் இருப்பதால், நம்பி ஒரு ஆளைத் தேட ஒரே வழி பதிவு எண். அதை 'எம்ப்ளாயிநம்பர்' என்ற ஃபீல்டில் வைத்திருந்தோம். அந்த ஃபீல்டுக்கு மட்டும் இண்டெக்ஸ் கிடையாது.

இது தெரியவந்ததே அட்மிஷன் சமயத்தில்தான். நூலக வாசலில் அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரிய ஐந்து நொடி, ஆறு நொடி. காலையில் வாசலில் கூட்டம். சர்வரின் குறிப்பேடான சிஸ்லாகைத் திறந்தால் திரை நிறைய ஒரே வரி ஓடுகிறது: பிடிபி ஈக்வாலிட்டி கேண்டிடேட்ஸ், எம்ப்ளாயிநம்பர், நாட் இண்டெக்ஸ்டு. அதாவது ஒவ்வொரு முறை ஒரு அட்டையைக் காட்டும்போதும் சர்வர் 31,000 பேரையும் ஒருவர் விடாமல் எழுப்பி "உன் நம்பர் இதுவா, உன் நம்பர் இதுவா" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. இதெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் செய்கிற வேலை இல்லை என்று இப்போது தெரியும். சர்வரின் அமைப்புகள் இருக்கும் ஸ்லாப்டி டாட் கான்ஃப் கோப்பைத் திறந்து ஒரே ஒரு வரி சேர்த்தேன்: இண்டெக்ஸ், எம்ப்ளாயிநம்பர், ஈக்யூ. சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு முதலாமாண்டுப் பையனின் பதிவை அப்போதுதான் ஏற்றினேன், அவன் எண்ணையே போட்டுத் தேடிப் பார்த்தேன். கண் சிமிட்டுவதற்குள் வந்தது. லாகில் அந்த வரியும் நின்றுவிட்டது. நூலக வாசலுக்கே நடந்து போய்ப் பார்த்தேன், ஒவ்வொரு அட்டைக்கும் பெட்டி உடனே பதில் சொல்கிறது. என்ன பதில் சொல்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், சைதாப்பேட்டைப் பாலத்தில், போன் வந்தது. நூலகர் அம்மா.

"தம்பி, வேகமாத்தான் இருக்கு. ஆனா பழைய பசங்க நாலஞ்சு பேரு பேரே இல்லங்குதே?"

"அட்டை அழுக்கா இருக்கும் மேடம். நாளைக்குப் பாக்குறேன்."

அட்டை அழுக்கு! இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

இரவு இரண்டு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் தானாக ஓடும். அலுவலகத்தில் அன்றன்று தயாராகும் நடப்பு மாணவர் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பதிவு எண்ணையும் டைரக்டரியில் தேடும். ஆள் இருந்தால் விட்டுவிடும். இல்லையென்றால் புதிதாகச் சேர்க்கும். எழுதியது நான்தான், பெருமையாக வேறு இருந்தது. அன்று இரவு அது 5,200க்கும் மேற்பட்ட மாணவர்களைத் தேடியது, "இல்லை" என்ற பதிலை வாங்கியது, எல்லாரையும் புதிதாகச் சேர்த்தது. திவ்யா டாட் ஆர், ஆர் 1, ஆர் 2 என்ற பெயர்கள் மட்டும் இருக்கின்றன என்று கண்டுகொண்டது. லாகின் பெயருக்கான இண்டெக்ஸ் ஒழுங்காக இருந்ததே! அதனால் சமர்த்தாக 'திவ்யா டாட் ஆர் 3' என்று ஒரு புதுப் பெண்ணைப் படைத்தது. மூன்று திவ்யாக்களுமே தலா ஒரு நகல் பெற்றார்கள். கார்த்திக்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சனிக்கிழமை காலை எனக்கு இது எதுவும் தெரியாது. திவ்யாவின் பதிவு எண்ணைப் போட்டு எல்டாப்சர்ச் ஓட்டினேன். ஒரே ஒருத்தி வந்தாள்: திவ்யா டாட் ஆர் 3.

"இது நான் இல்ல சார். என் ஐடி வெறும் திவ்யா டாட் ஆர்."

சரி என்று இந்த முறை எண்ணைக் கொடுக்காமல், அவளுடைய முழு டிஎன்னைக் கொடுத்து, ஸ்கோப் 'பேஸ்' என்று வைத்துக் கேட்டேன். விலாசத்தை அப்படியே கொடுத்து அந்த ஒரு வீட்டுக் கதவை மட்டும் தட்டுகிற தேடல் அது. எந்த ஃபீல்டின் இண்டெக்ஸையும் தொடாது. கதவு திறந்தது. திவ்யா டாட் ஆர் உள்ளே இருக்கிறாள், நாலு வருஷத்து விவரத்தோடு. எம்ப்ளாயிநம்பர் ஃபீல்டில் அதே எண். ஒரு இலக்கம்கூடப் பிசகில்லை.

ஒரே எண்ணோடு இரண்டு பேர் இருக்கிறார்கள். எண்ணைக் கேட்டால் ஒருத்தியைத்தான் காட்டுகிறது. வரிசையில் நின்றவர்களிடம் "பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டேன், மத்தியானம் சாப்பாட்டுக்கு வர மாட்டேன் என்று சொல்ல. அப்பா எடுத்தார்.

அப்பா பத்திர எழுத்தர். முப்பது வருஷம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து கிரயப் பத்திரமும் தான செட்டில்மெண்டும் எழுதியவர். என்ன பிரச்சினை என்று கேட்டார். கம்ப்யூட்டர் தெரியாதவருக்கு என்ன சொல்வது என்று தயங்கி, "ஆள் இருக்காங்கப்பா, விலாசத்துக்குப் போனா இருக்காங்க. நம்பரைச் சொல்லித் தேடினா இல்லைன்னு வருது" என்றேன்.

"ஏன், இண்டெக்ஸ்ல ஏத்தலையா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் விடாமல் பேசினார். "பத்திரம் பதிஞ்சு புக் ஒன்னுல ஏறியிருக்கும். இண்டெக்ஸ்ல ஏத்த விட்டிருப்பான். வில்லங்கம் போட்டா சுத்தமா இருக்குன்னு வரும். அதை நம்பி இன்னொருத்தன் வாங்குவான். அப்புறம் ரெண்டு பத்திரம், ஒரே மனை."

5,200 மனை, 10,400 பத்திரம்.

அப்பா சொன்னது 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தில் இருக்கிற ஏற்பாடு. அசையாச் சொத்துப் பத்திரங்கள் முதல் புத்தகத்தில் ஏறும். 55ஆவது பிரிவின்படி அதற்கு இண்டெக்ஸ்கள் எழுத வேண்டும்: எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயரை வைத்து ஒன்று, சொத்து விவரத்தை வைத்து இரண்டாவது. கம்ப்யூட்டருக்கு முந்தைய வருஷங்களுக்கு வில்லங்கம் கேட்டால் யாரும் முதல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதில்லை. இண்டெக்ஸைப் பார்த்து, அது சொல்லும் பக்கத்துக்குப் போவார்கள். இண்டெக்ஸ் தவறுதலாக வேறு பக்கத்தைக் காட்டினால் பெரிய நஷ்டம் இல்லை. பக்கத்தைத் திறந்து படிக்கிறவருக்கே தெரிந்துவிடும், இது வேறு மனை என்று. இண்டெக்ஸ் ஒரு பக்கத்தைக் காட்டாமலே விட்டால்தான் ஆபத்து. அந்தப் பக்கத்தை யாரும் திறக்கப் போவதில்லை.

ஓப்பன்எல்டாப் இண்டெக்ஸும் அச்சு அசலாக இதுதான். எங்களிடம் அப்போது இருந்தது விவரங்களைச் சேமிக்கும் ஹெச்டிபி என்ற பாகம், பெர்க்லி டிபி என்ற டேட்டாபேஸின் மேல் கட்டியது. ஆட்களின் முழு விவரமும் 'ஐடி2என்ட்ரி' என்ற ஒரு கோப்பில் இருக்கும், ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண்ணோடு. அது புக் ஒன்று. இண்டெக்ஸ் போட்ட ஒவ்வொரு ஃபீல்டுக்கும் தனித்தனிக் கோப்பு. அதில் மதிப்பைக்கூட முழுசாக எழுதி வைப்பதில்லை, நாலு பைட்டுக்குச் சுருக்கிய ஒரு ஹேஷும், அதற்கு நேராக வரிசை எண்களும்தான். இரண்டு வேறு மதிப்புகள் ஒரே ஹேஷாக விழ வாய்ப்பு உண்டு, அதனால் பரவாயில்லை. இண்டெக்ஸ் கொடுக்கிறவர்களை சர்வர் வெறும் வேட்பாளர்களாகத்தான் நடத்துகிறது. ஒவ்வொருவரையும் ஐடி2என்ட்ரியில் திறந்து நிஜமாகவே பொருந்துகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் விடையாகத் தரும். லாகில் ஓடிய வரியில் 'கேண்டிடேட்ஸ்' என்று இருந்ததன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதிகப்படியாக வந்தவரைக் கழித்துக்கட்ட வழி இருக்கிறது, வராமலே போனவரைக் கூப்பிட வழி இல்லை.

நான் செய்தது, புது இண்டெக்ஸ் புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்தது மட்டும்தான். அன்று முதல் வருகிற பத்திரங்கள் அதில் ஏறின, ஏற்கனவே இருந்த 31,000 ஏறவில்லை. இண்டெக்ஸ் இருக்கிறது என்று கான்ஃபிக் சொல்வதால் சர்வர் அதை மட்டும் பார்த்துவிட்டு, காலியாக இருப்பதைக் கண்டு, "பிழை எதுவும் இல்லை, விடை பூஜ்யம்" என்று சொல்லிவிட்டது. ரிசல்ட் கோடு பூஜ்யம், சக்சஸ்! வெள்ளிக்கிழமை வரைக்கும் மெதுவாக இருந்தாலும் சொன்னது உண்மையாக இருந்தது. ஸ்கிரிப்டில் ஒரே ஒரு பிழைச் செய்தி வந்திருந்தால்கூட நின்றிருக்கும். 'யூனிக்' என்ற ஓவர்லே, அதாவது ஒட்டுப் பாகம், போட்டு ஒரே எண் இரண்டு பேருக்கு வராமல் தடுத்திருக்கலாமே என்று பிற்பாடு ஒருவர் கேட்டார். அதுவும் உள்ளுக்குள் ஒரு தேடல் நடத்தித்தான் பார்க்கும், அதே காலி இண்டெக்ஸில்.

கான்ஃப் கோப்பில் இண்டெக்ஸ் வரியை மாற்றினால் இண்டெக்ஸைக் கட்டும் ஸ்லாப்இண்டெக்ஸ் கட்டளையை ஓட்டியாக வேண்டும் என்று கையேடான மேன் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு வாக்கியம். அதைச் சனிக்கிழமை படித்தேன்.

பதினொரு மணிக்கு அனுமதி வாங்கி சர்வரை நிறுத்தினேன். முதலில் ஸ்லாப்கேட், மொத்தத்தையும் எல்டிஃப் என்ற டெக்ஸ்ட் கோப்பாக எடுத்து வேறு டிஸ்கில் வைத்தேன். எல்லாம் கெட்டுப் போனால்கூட அந்தக் கோப்பை ஸ்லாப்ஆட் வழியாகத் திரும்ப ஏற்றினால், ஏறும்போதே இண்டெக்ஸையும் கட்டிக்கொள்ளும். அரைகுறையாக இருந்த எம்ப்ளாயிநம்பர் கோப்பை வேறு பெயரில் ஓரமாக நகர்த்தினேன். பிறகு ஸ்லாப்இண்டெக்ஸ், கடைசியில் அந்த ஒரு ஃபீல்டின் பெயர். ஃபீல்டின் பெயரைக் கொடுக்காவிட்டால் எல்லா இண்டெக்ஸையும் திருப்பிக் கட்டும், அதற்கு அன்றைக்கு அவசியம் இல்லை. 'மைனஸ் க்யூ' போட்டால் வேகமாக முடியும் என்று ஆசை காட்டும். வேகம் எங்கிருந்து வருகிறதென்றால், சரிபார்ப்புகளைக் குறைத்துக்கொள்வதிலிருந்து. நடுவில் கரண்ட் போனால் மொத்த டேட்டாபேஸும் குப்பை. போடவில்லை.

கட்டளையைத் தட்டியதும் டெபியனின் ஒரு எச்சரிக்கை வந்தது. "எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக ஓட்டுகிறாய், ஸ்லாப்டி எழுந்திருக்காமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது, கோப்பு உரிமைகளைச் சரிபார்" என்று பொருள். அதில் 'ரன்னிங்' என்ற வார்த்தையிலேயே ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும். ஸ்பெல்லிங்கே தெரியாதவன் எனக்குப் புத்தி சொல்கிறானா என்ற மிதப்பில் தாண்டிப் போனேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, முடிந்துவிட்டது. சர்வரைக் கிளப்பினால், எழவில்லை. சிஸ்லாகில் பெர்மிஷன் டினைட், 13. கோப்பகத்தைப் பட்டியல் போட்டுப் பார்த்தேன். எல்லாக் கோப்பும் ஓப்பன்எல்டாப் என்ற பயனருக்குச் சொந்தம், நடுவில் புத்தம் புதிய எம்ப்ளாயிநம்பர் மட்டும் ரூட்டுக்குச் சொந்தம். சௌன் போட்டு எல்லாவற்றையும் உரியவர் பெயருக்கு மாற்றி எழுதினேன். இதுவும் அப்பா தொழில்தான், பட்டா மாறுதல். சர்வர் எழுந்தது. ஓப்பன்எல்டாப் பயனராகவே சுடோ வழியாக ஓட்டியிருந்தால் இந்தப் பத்து நிமிஷம் மிச்சம்.

திவ்யாவின் எண்ணைத் திரும்பத் தேடினேன். இரண்டு பேர் வந்தார்கள்.

இண்டெக்ஸ் உண்மை பேச ஆரம்பித்ததும் நிலைமை இன்னும் மோசமானது. ஒரு எண்ணுக்கு இரண்டு விடை வந்தால் நூலக மென்பொருள் யாரையுமே உள்ளே விடாது. நகல்களை அடையாளம் காண ஒரே பிடி, ஒவ்வொரு பதிவும் உருவான நேரத்தைச் சர்வரே குறித்து வைக்கும் கிரியேட்-டைம்ஸ்டாம்ப். ஸ்கிரிப்ட் ஓடியது ஜூலை 6 அதிகாலை. எனவே ஜூலை 6, 00:00 மணிக்கு மேல் உருவானவர்களைக் கேட்டேன். விடை: ஒருவரும் இல்லை.

ஐந்து நிமிஷம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முந்தின நாளிலிருந்து இந்தச் சர்வர் சொல்லும் "இல்லை" என்ற வார்த்தையையே என்னால் நம்ப முடியவில்லை. இன்னொரு இண்டெக்ஸும் போய்விட்டதா? அப்புறம்தான் நேரத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த 'இசட்' கண்ணில் பட்டது. கிரீன்விச் நேரம். நம் அதிகாலை இரண்டு மணி அங்கே முந்தின நாள் இரவு எட்டரை. ஜூலை 5, 20:30 என்று மாற்றிக் கேட்டதும் கொட்டியது.

அத்தனையையும் அழித்துவிடவும் முடியாது. அதே இரவில் நிஜமாகவே புதிதாகச் சேர்ந்த முதலாமாண்டு மாணவர்கள் 96 பேரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அதே பதிவு எண்ணில் அதற்கு முன்னால் உருவான இன்னொரு பதிவு இருந்தால் மட்டும் இதை அழி என்று ஸ்கிரிப்டை எழுதி, முதலில் அழிக்காமல் பட்டியலை மட்டும் அச்சிட்டு, நூலகர் அம்மாவும் நானும் ஐம்பது பெயரைக் கையால் சரிபார்த்தோம். அவர் அட்டை அழுக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. மூன்று மணிக்கு எல்லாம் சரியானது. கேன்டீனில் தயிர் சாதம்தான் மிச்சமிருந்தது.

இப்போது இந்த வேலை இவ்வளவு கரடுமுரடாக இல்லை. கான்ஃபிகரேஷனையும் டைரக்டரிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் சிஎன்=கான்ஃபிக் முறையில் இண்டெக்ஸைச் சேர்த்தால், சர்வர் ஓடிக்கொண்டே பின்னணியில் தானாகக் கட்டிக்கொள்கிறது. 2021இல் வந்த 2.5 பதிப்பில் பெர்க்லி டிபியையே தூக்கிவிட்டார்கள். அதன் இடத்தில் எம்டிபி, எல்லா இண்டெக்ஸும் ஒரே கோப்புக்குள். ஆனாலும் ஸ்லாப்டி டாட் கான்ஃபை இன்னும் விடாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஸ்லாப்இண்டெக்ஸ் இன்றைக்கும் கட்டாயம். கட்டி முடித்ததும் நான் ஒரு கணக்கு பார்ப்பேன். ஸ்லாப்கேட் எடுத்த கோப்பில் எண் இருக்கிற ஆட்களில் நூறு பேரைப் பொறுக்கி, ஒவ்வொரு எண்ணையும் தேடிப் பார்ப்பேன். ரொம்பப் பழையவர்களாகப் பார்த்துப் பொறுக்குவேன், இன்றைக்குச் சேர்த்தவனை வைத்துச் சோதிப்பதில்லை. இரவு ஸ்கிரிப்டும் ஒரே நாளில் 200 பேருக்கு மேல் புதிதாகச் சேர்க்க வேண்டி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு எனக்கு மெயில் அனுப்பும்.

நகல்களில் ஒன்று மட்டும் தப்பியது. கார்த்திக் டாட் எஸ்களில் ஒருவன், சனிக்கிழமை காலை பாஸ்வேர்டு வேலை செய்யாததால், வரிசையில் நிற்காமல் தானே 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' பக்கத்துக்குப் போய்ப் புது பாஸ்வேர்டு வாங்கி, புதிதாகக் கிடைத்த ஐடியிலிருந்து ஒரு கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் விண்ணப்பமும் அனுப்பிவிட்டான். திங்கட்கிழமை வந்து, "சார், அந்த ஐடிக்குத்தான் ரிப்ளை வரும், அழிச்சிடாதீங்க" என்றான். அவனுடைய பழைய பதிவை அழித்து, நூலகக் கணக்கைப் புதியதற்கு மாற்றிக் கொடுத்தேன். பட்டம் வாங்கிப் போகிற வரைக்கும் அவன் கார்த்திக் டாட் எஸ் 21.